லினக்ஸில் பேக்கேஜ்களும் டிபெண்டன்சி சிக்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. ஆட்கள் மாறுகிறார்கள், பேக்கேஜ் பற்றிய சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அன்றாடம் புழங்குவது லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் என்பதால் உதாரணங்கள் அந்த வழியில்தான் இருக்கும். மற்ற சிஸ்டங்களில் விஷயம் வேறாக இருந்தால் அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. பேக்கேஜ் என்றால் என்ன? புரோகிராமை நேரடியாக இறக்கிப் போட்டுக்கொண்டால் ஆகாதா?

ஒரு டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இரண்டு மூட்டைகள் இருக்கும். ஒன்றில் புரோகிராமின் கோப்புகள், எது எந்தக் கோப்புறைக்குப் போக வேண்டும் என்ற அடுக்கோடு இருக்கும். இன்னொன்றில் பேக்கேஜைப் பற்றிய விவரங்கள் இருக்கும்: பெயர், வெர்ஷன், எந்த வகைக் கணினிக்கானது, வேறு எவையெல்லாம் இருந்தால் இது ஓடும், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்ட்கள். இந்த இரண்டாவது மூட்டை இல்லாவிட்டால் அது வெறும் ஜிப் கோப்புதான்.

பேக்கேஜ் மேனேஜர் கோப்புகளை இடம் பார்த்து வைத்துவிட்டு, எதை எங்கே வைத்தோம் என்று கணக்கும் எழுதும். டெபியனில் அந்தக் கணக்கு வார், அதற்குள் லிப், அதற்குள் டிபிகேஜி என்ற கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கிறது. திறந்து படியுங்கள், ஆனால் திருத்தாதீர்கள். நேரடியாக இறக்கிப் போட்ட புரோகிராமும் ஓடத்தான் செய்யும். ஆனால் அது இந்தக் கணக்கில் இருக்காது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள், நீக்க வேண்டுமென்றால் கோப்பு கோப்பாக நீங்களேதான் தேட வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் கணக்கில் வராத கோப்புகளால் வருபவை. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

2. டிபிகேஜி என்கிறார்கள், ஆப்ட் என்கிறார்கள். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு?

டிபிகேஜி கையில் கொடுத்த கோப்பை நிறுவும், கணக்கு எழுதும், அவ்வளவுதான். தேவையான வேறொரு பேக்கேஜ் (இதைத்தான் டிபெண்டன்சி என்கிறோம்) இல்லையென்றால் இல்லை என்று சொல்லும், தேடிக்கொண்டு வராது. ஆப்ட் அதற்கு மேலே நிற்கிறது. பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்திருக்கும் சர்வர்களான ரெப்போக்களில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, எவையெல்லாம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கும். டிபிகேஜி 1994இல் வந்தது. ஆப்டோடு வந்த முதல் டெபியன் வெளியீடு 1999இன் 2.1. இடைப்பட்ட ஆண்டுகளில் டிபெண்டன்சிகளைத் தேடி இணைக்கும் வேலை பெருமளவு மனிதர்கள் தலையில்தான் இருந்தது.

ரெட் ஹாட் குடும்பத்தில் இதே பங்கீடு ஆர்பிஎம், டிஎன்எஃப் என்று இருக்கிறது. ஆர்ச்சில் பேக்மேன் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஸ்லாக்வேரின் பேக்கேஜ் கருவிகள் டிபெண்டன்சியைக் கண்டுகொள்வதே இல்லை, பயனர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையே விரும்பி ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பவர்களும் உண்டு.

3. அப்டேட், அப்கிரேட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆப்ட் அப்டேட் கொடுத்தால் ரெப்போவின் பட்டியல் மட்டும் புதிதாகும், உங்கள் புரோகிராம் எதுவும் மாறாது. ஆப்ட் அப்கிரேட்தான் புதிய வெர்ஷன்களை இறக்கி நிறுவும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அப்கிரேட் கொடுத்துவிட்டு “எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது” என்று நினைத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

அப்கிரேட் தேவைப்பட்டால் புதிய பேக்கேஜைச் சேர்க்கும், ஆனால் இருப்பதை நீக்காது. ஃபுல் அப்கிரேட் நீக்கவும் செய்யும். அதனால் ஃபுல் அப்கிரேட் கொடுக்கும்போது நீக்கப்படும் பட்டியலை வரி வரியாகப் படித்த பிறகே ஒய் அழுத்துங்கள்.

4. சின்ன புரோகிராம் ஒன்று கேட்டால் நாற்பது பேக்கேஜ் வருகிறதே, எதற்கு?

படத்தைத் திறப்பது, கோப்பைச் சுருக்குவது, இணைய இணைப்பைப் பூட்டுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாக எழுதிக்கொள்வதில்லை. அவை பொதுவான லைப்ரரிகளில் இருக்கின்றன. அந்த லைப்ரரிகளுக்கும் வேறு லைப்ரரிகள் தேவைப்படலாம், அப்படித்தான் சங்கிலி நீள்கிறது. முதல் முறை நாற்பது வந்தாலும், அதே லைப்ரரிகளைக் கேட்கும் அடுத்த புரோகிராமுக்கு இரண்டோ மூன்றோதான் வரும்.

இதன் பலன் ஓட்டை விழும் நாளில்தான் தெரியும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணைய இணைப்பைப் பூட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் தெரியவந்தது. சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியிலிருந்தே உருவிப் பார்க்க வழிசெய்த ஓட்டை அது. வெப் சர்வர், மெயில் சர்வர் என்று பத்துப் பதினைந்து புரோகிராம்கள் அந்த லைப்ரரியை நம்பியிருந்தாலும், லைப்ரரிப் பேக்கேஜ் ஒன்றை மாற்றி, சேவைகளை ஒருமுறை மறுபடி தொடங்கினால் அத்தனையிலும் ஓட்டை அடைபட்டது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிரதியை உள்ளே வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடிப் போயிருக்க வேண்டும்.

நாற்பதில் எல்லாமே கட்டாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிபெண்ட்ஸ் என்று குறித்தவை இல்லாமல் புரோகிராம் ஓடாது. ரெக்கமெண்ட்ஸ் என்று குறித்தவை பெரும்பாலானவர்களுக்குப் பயன்படும் என்று பேக்கேஜ் செய்தவர் நினைத்தவை, அவையும் வழக்கமாகச் சேர்ந்தே வரும். சஜஸ்ட்ஸ் தானாக வராது. இடம் குறைவான கணினியில் “நோ இன்ஸ்டால் ரெக்கமெண்ட்ஸ்” என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பட்டியல் பாதியாகக்கூடக் குறையலாம். மேசைக் கணினியில் அப்படிச் செய்ய நான் சொல்ல மாட்டேன். அச்சிட முடியவில்லை, எழுத்துரு தெரியவில்லை என்று பிறகு ஒவ்வொன்றாகத் தேட வேண்டிவரும்.

5. ரிமூவ் கொடுத்தேன். ஆனாலும் பழைய செட்டிங் அப்படியே இருக்கிறதே?

ரிமூவ் புரோகிராமை மட்டும் நீக்கும். இடிசி கோப்புறையில் உள்ள கட்டமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும், நீங்கள் பாடுபட்டு எழுதியவை அதில் இருக்கலாம் அல்லவா? அவையும் போக வேண்டுமென்றால் பர்ஜ் கொடுங்கள். ஆனால் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் புரோகிராம் எழுதிவைத்தவற்றைப் பர்ஜும் தொடாது. அவை பேக்கேஜ் கொண்டுவந்தவை அல்ல, கணக்கிலும் இல்லை.

6. ஆட்டோரிமூவ் கொடுத்தால் டெஸ்க்டாப்பையே தூக்கிவிடும் என்கிறதே, இது பிழையா?

பிழை இல்லை. ஒவ்வொரு பேக்கேஜும் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதா, இன்னொன்றுக்காகத் தானாக வந்ததா என்று கணக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. தானாக வந்தது, இப்போது யாருக்கும் தேவையில்லை என்றால் ஆட்டோரிமூவ் பட்டியலில் சேர்ந்துவிடும். முழு டெஸ்க்டாப் என்பது பல இடங்களில் உள்ளே எதுவும் இல்லாத ஒரு மெட்டா பேக்கேஜ்தான். நூற்றுக்கணக்கானவற்றைத் தன் டிபெண்டன்சியாகச் சொல்லிக் கட்டிவைத்திருக்கும். பிடிக்காத ஒரு புரோகிராமை நீக்கும்போது அந்த மெட்டா பேக்கேஜும் சேர்ந்து போனால், அது கட்டிவைத்திருந்தவை எல்லாம் ஆதரவில்லாமல் நிற்கும்.

வைத்துக்கொள்ள வேண்டியவற்றை ஆப்ட் மார்க் மேனுவல் என்று பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள், அப்புறம் ஆட்டோரிமூவ் அவற்றைத் தொடாது. ஒய் அழுத்திவிட்ட பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், வார், லாக், ஆப்ட் கோப்புறையில் ஹிஸ்டரி என்ற பதிவுக் கோப்பு இருக்கும். எந்த நேரத்தில் எவையெல்லாம் போயின என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும், பார்த்துத் திரும்ப நிறுவலாம். டிஎன்எஃப் இருக்கும் சிஸ்டங்களில் ஹிஸ்டரி அன்டூ என்று ஒரே கட்டளை உண்டு.

7. ரெப்போவில் இருப்பது இரண்டு வருடம் பழைய வெர்ஷன். இதை வைத்துக்கொண்டு சர்வர் நடத்துவது ஆபத்தில்லையா?

வெர்ஷன் எண் பழையதாக இருப்பதும் ஓட்டை அடைபடாமல் இருப்பதும் ஒன்றல்ல. டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள், ரெட் ஹாட் போன்றவை வெளியீட்டின்போது ஒரு வெர்ஷனைப் பிடித்து நிறுத்திவிடும். பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து அந்தப் பழைய வெர்ஷனில் ஒட்டும். இதற்கு பேக்போர்ட்டிங் என்று பெயர்.

ஹார்ட்பிளீடையே எடுத்துக்கொள்வோம். ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி வெர்ஷனில் அதைச் சரிசெய்தது. அப்போதைய டெபியன் ஸ்டேபிள் 1.0.1இ வெர்ஷனிலேயே நின்றது, பின்னால் வரும் திருத்த எண் மட்டும் டெப்7யூ5 என்று மாறியது. முன்பகுதியை மட்டும் பார்த்தவர்கள் ஓட்டை இன்னும் இருக்கிறது என்று பதறினார்கள், ஆனால் அது அடைபட்டிருந்தது. இன்றைக்கும் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்து எச்சரிக்கை விடும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. பேக்கேஜின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாகைத் திறந்து, அந்த ஓட்டைக்குத் தரப்பட்ட சிவிஇ என்ற அடையாள எண்ணைத் தேடுங்கள், நிமிடத்தில் விடை கிடைக்கும். இந்தப் பாதுகாப்பெல்லாம் வெளியீட்டின் ஆதரவுக் காலம் முடியும்வரைதான். அது முடிந்தபின் என்ன ஆகும் என்பது 11ஆம் கேள்வியில்.

8. எனக்குப் புதிய வெர்ஷன்தான் வேண்டும். டெஸ்டிங் ரெப்போவைச் சேர்த்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

அந்த “ஒன்றே ஒன்று” என்பதில்தான் சிக்கல். டெஸ்டிங் என்பது அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகிக்கொண்டிருப்பது; அதில் உள்ள புரோகிராம், ஏறத்தாழ எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரியின் அங்கே உள்ள வெர்ஷனோடு சேர்த்துக் கட்டப்பட்டது. அதை எடுத்தால் புதிய சி லைப்ரரி வரலாம், அதனுடன் ஒத்துப்போகாத பழையவை வெளியேறலாம். கடைசியில் ஸ்டேபிளும் இல்லாத, டெஸ்டிங்கும் இல்லாத, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கலவை உங்கள் கணினியில் இருக்கும். உபுண்டு ரெப்போவை டெபியனில் சேர்ப்பதும் இதே கதைதான்.

வழிகள் இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது டெபியனின் பேக்போர்ட்ஸ் ரெப்போவை. டெஸ்டிங்கில் உள்ளதை ஸ்டேபிளின் லைப்ரரிகளோடு திரும்பக் கட்டித் தருகிறார்கள். வழக்கமான ரெப்போவின் முன்னுரிமை எண் 500, பேக்போர்ட்ஸின் எண் 100. அதனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அதிலிருந்து எதுவும் வராது. டெஸ்க்டாப் புரோகிராம் என்றால் ஃப்ளாட்பேக் நல்ல தேர்வு, தேவையான லைப்ரரிகளைத் தன் தனி அடுக்கில் வைத்துக்கொள்ளும், சிஸ்டத்தைத் தொடாது. வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். 4ஆவது பதிலில் சொன்ன “ஒரு லைப்ரரியை மாற்றினால் போதும்” என்ற வசதியும் அதற்குள் முழுதாகப் பொருந்தாது. தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

ஆர்ச்சில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு, முழு அப்கிரேட் செய்யாமல் ஒரு பேக்கேஜை நிறுவுவது. அரைகுறை அப்கிரேடுக்கு ஆதரவு இல்லை என்று ஆர்ச் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

9. லாக் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. அந்த லாக் கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று படித்தேன்.

தயவுசெய்து அழிக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அதைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டு. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்கள் பொறுத்தால் போதும். அவசரம் என்றால் எந்தப் புரோகிராம் பூட்டைப் பிடித்திருக்கிறது என்று பிழைச் செய்தியிலேயே அதன் எண் இருக்கும். அது என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

புரோகிராம் செத்தாலே பூட்டு தானாக விடுபட்டுவிடும். கோப்பு அங்கேயே கிடப்பதால் எந்தத் தடையும் இல்லை. ஆகவே கோப்பை அழித்து ஒரு பலன் கிடைக்கிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் குறுக்கே நீங்கள் புகுந்துவிட்டீர்கள் என்று பொருள். இப்படி அழித்ததால் பாதி நிறுவப்பட்ட நிலையில் நின்ற சர்வர் ஒன்றை இரவெல்லாம் உட்கார்ந்து மீட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

10. சில பேக்கேஜ்கள் மட்டும் “கெப்ட் பேக்” என்று நின்றுவிடுகின்றன. கட்டாயப்படுத்தி ஏற்றலாமா?

காரணத்தைப் பொறுத்தது. நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ ஆப்ட் மார்க் ஹோல்ட் கொடுத்து நிறுத்தியிருக்கலாம். ஷோஹோல்ட் கொடுத்தால் தெரிந்துவிடும். அப்கிரேட் செய்ய வேறொன்றை நீக்க வேண்டியிருந்தால் 3ஆவது பதிலில் சொன்னபடி வெறும் அப்கிரேட் நின்றுவிடும், ஃபுல் அப்கிரேட்தான் நகர்த்தும். உபுண்டுவில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. புதிய வெர்ஷனை எல்லாருக்கும் ஒரே நாளில் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்கள், பிழை தெரியவந்தால் பாதியில் நிறுத்திவிடலாம் என்பதற்காக. 21.04 முதல் ஆப்டே இதைக் கடைப்பிடிக்கிறது. உங்கள் கணினியின் முறை வரும்வரை காத்திருங்கள், கட்டாயப்படுத்த ஒரு காரணமும் இல்லை.

11. நேற்றுவரை வேலை செய்த ரெப்போ இன்று 404 என்கிறது. என்ன ஆயிற்று?

முதலில் ஆப்ட் அப்டேட் கொடுங்கள். உங்களிடம் உள்ள பட்டியல் பழையதாகி, அதில் இருக்கும் வெர்ஷன் ரெப்போவிலிருந்து போயிருக்கலாம். அப்டேட்டே 404 என்றால் வெளியீட்டின் ஆயுள் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். டெபியன் பழைய வெளியீடுகளை ஆர்க்கைவ் என்ற முகவரிக்கும், உபுண்டு ஓல்ட் ரிலீசஸ் என்ற முகவரிக்கும் நகர்த்திவிடும். முகவரியை மாற்றினால் பேக்கேஜ்கள் கிடைக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இனி அங்கே வராது. அதை அடுத்த வெளியீட்டுக்கு ஏறும் படிக்கட்டாக மட்டும் பயன்படுத்துங்கள்.

12. “அன்மெட் டிபெண்டன்சீஸ்” என்று ஒரு பக்கம் முழுக்க வருகிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன பேக்கேஜுக்கு இன்னது இந்த வெர்ஷனுக்கு மேல் வேண்டும், ஆனால் கிடைக்கப்போவது இது என்று இருக்கும். அந்தக் கடைசிப் பெயரை ஆப்ட் பாலிசி கட்டளைக்குக் கொடுங்கள். இப்போது என்ன வெர்ஷன் இருக்கிறது, எந்த ரெப்போவில் என்ன வெர்ஷன் கிடைக்கிறது, எதற்கு என்ன முன்னுரிமை என்று மூன்றும் தெரியும். நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டு முறை காரணம் அங்கேயே கிடைத்துவிடும். என்றோ சேர்த்து மறந்துபோன வெளி ரெப்போ ஒன்று, ஒரு லைப்ரரியைத் தன் வெர்ஷனால் மாற்றிவைத்திருக்கும். அந்த ரெப்போவை விலக்கி, லைப்ரரியை அதிகாரப்பூர்வ வெர்ஷனுக்கு இறக்கினால் முடிச்சு அவிழும்.

2024இல் இந்தக் கேள்வி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, காரணம் வேறு. 32 பிட் சிஸ்டங்களில் நேரத்தை எண்ணும் முறை 2038 ஜனவரி 19ஆம் தேதி நிரம்பிவிடும். அதற்கு முன்னேற்பாடாக டெபியனும் உபுண்டுவும் ஏராளமான லைப்ரரிகளைத் திரும்பக் கட்டி, பெயரின் கடைசியில் டி64 என்று சேர்த்தன. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. பாதி மாறியும் பாதி மாறாமலும் இருந்த நாட்களில் டெபியன் டெஸ்டிங்கையோ அதற்கும் முந்தைய கட்டமான அன்ஸ்டேபிளையோ வைத்திருந்தவர்கள் நிறையவே அவதிப்பட்டார்கள். புதிய பெயர் கொண்ட பேக்கேஜ் பழைய பெயருக்கும் நானே பொறுப்பு என்று ப்ரொவைட்ஸ் வரியில் சொல்லிக்கொள்ள முடியும், 64 பிட் கணினிகளில் பழைய பெயரைக் கேட்பவை அதனால்தான் இன்னும் ஓடுகின்றன.

13. ஒரு லைப்ரரியின் பழைய வெர்ஷன் கேட்கிறது. புதியதற்கு அந்தப் பெயரில் ஒரு லிங்க் போட்டால் போதாதா?

லைப்ரரிக் கோப்பின் பெயரில் வரும் எண் சும்மா போட்டதல்ல, அது ஓர் ஒப்பந்தம். வெளியிலிருந்து கூப்பிடும் விதம் மாறாதவரை அந்த எண் மாறாது, மாறினால் எண்ணும் மாறியாக வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1இலிருந்து 3க்குப் போனபோது எண் மாறியது அதனால்தான். உபுண்டு 22.04இல் பழையது இல்லை என்றதும் பலரும் இந்த லிங்க் வேலையைச் செய்து பார்த்தார்கள். புரோகிராம் தொடங்கும்போதே தேவையான வெர்ஷன் குறி இல்லை என்று நின்றால் அது அதிர்ஷ்டம். வேறு சில லைப்ரரிகளில் தொடங்கி ஓடி, நடுவில் தரவைத் தவறாகப் படித்து எழுதிவைக்கும், நீங்கள் கவனிக்கும்போது மிகவும் தாமதமாகியிருக்கும்.

புரோகிராமின் புதிய வெளியீட்டைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பழைய சிஸ்டத்தை, தனித்து ஒதுக்கப்பட்ட சூழலான ஒரு கண்டெய்னருக்குள் வைத்து அதை மட்டும் அங்கே ஓட்டுங்கள். அடிப்படைக் கோப்புறைகளுக்குள் கையால் லிங்க் போடுவது நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத ஒன்று.

14. பைத்தான் மாட்யூல்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் “வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்” என்று மறுக்கிறது. முன்பெல்லாம் வேலை செய்ததே?

முன்பும் அது சரியாக வேலை செய்யவில்லை, சேதம் உடனே தெரியவில்லை, அவ்வளவுதான். சிஸ்டத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. ஃபெடோராவில் டிஎன்எஃப் நீண்ட காலம் பைத்தானில்தான் இருந்தது. முழு உரிமை கொண்ட ரூட் பயனராக பிப் ஓட்டி ஒரு பொது மாட்யூலை மாற்றினால் அந்தக் கருவிகள் உடையும், ஆப்டின் கணக்குக்கு அது தெரியவும் தெரியாது. ஒரே இடத்தில் இரண்டு நிர்வாகிகள் என்ற இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பைத்தான் சமூகம் பெப் 668 என்ற விதியைக் கொண்டுவந்தது. 2023இல் வந்த டெபியன் 12 அதைக் கடைப்பிடிக்கிறது.

உங்கள் புராஜெக்டுக்கு வென்வ் கொண்டு தனிச் சூழல் உருவாக்கிக்கொள்ளுங்கள். கட்டளையாக ஓட வேண்டிய கருவி என்றால் பிப்எக்ஸ் நல்லது. மறுப்பை மீறும் ஆப்ஷனின் பெயரிலேயே “பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்” என்று இருக்கிறது, சொன்னதை அப்படியே நம்புங்கள்.

15. புரோகிராமின் மூல நிரலான சோர்ஸிலிருந்து கட்டி மேக் இன்ஸ்டால் கொடுத்துவிட்டேன். இப்போது எப்படி நீக்குவது?

சோர்ஸ் கோப்புறை இன்னும் இருந்தால் அங்கேயே மேக் அன்இன்ஸ்டால் கொடுத்துப் பாருங்கள், சில புராஜெக்டுகளில் இருக்கும். இல்லையென்றால் யுஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் தேதி பார்த்துத் தேட வேண்டியதுதான். அந்தக் கோப்புறையை டெபியன் பேக்கேஜ்கள் தொடாமல் உங்களுக்காகவே விட்டுவைத்திருக்கின்றன, அதனால் குறைந்தபட்சம் சண்டை வராது. யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் நேரடியாகப் போட்டிருந்தால் பேக்கேஜ் கோப்புகளை மேலெழுதியிருக்கலாம். டிபிகேஜி வெரிஃபை ஓட்டினால் கணக்கோடு ஒத்துப்போகாதவை தெரியும், அந்தப் பேக்கேஜ்களைத் திரும்ப நிறுவுங்கள்.

சோர்ஸிலிருந்து கட்டுவதே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் போர்ட்ஸ் 1994 முதல் அதைத்தான் செய்கிறது: சோர்ஸை இறக்கி, கட்டி, பேக்கேஜாகப் பதிவும் செய்துவிடும். கட்டியதைக் கணக்கில் ஏற்றிவிட்டால் எந்தக் குறையும் இல்லை.

16. கீ சரியில்லை, கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்கிறது. சரிபார்ப்பையே அணைத்துவிடலாமா?

வேண்டாம். ரெப்போவின் ரிலீஸ் கோப்பில் கையொப்பம் இருக்கிறது, அதில் பட்டியல் கோப்புகளின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்), பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ். இந்தச் சங்கிலி இருப்பதால்தான் முகம் தெரியாத யாரோ நடத்தும், ரெப்போவின் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வரிலிருந்து இறக்கினாலும் நம்ப முடிகிறது. பெரும்பாலும் கீ காலாவதியாகியிருக்கும் அல்லது மாறியிருக்கும். ரெப்போ நடத்துகிறவர் தரும் புதிய கீயை இடிசி, ஆப்ட், கீரிங்ஸ் கோப்புறையில் வைத்து, அந்த ரெப்போவின் வரியில் சைன்ட் பை என்று அதைச் சுட்டுங்கள். பழைய ஆப்ட் கீ முறையில் ஒரு ரெப்போவுக்காகச் சேர்த்த கீ எல்லா ரெப்போவுக்கும் செல்லும், அதனால்தான் கைவிட்டார்கள்.

17. கையொப்பமெல்லாம் சரியாக இருந்தும் எக்ஸ்இசட் விஷயம் நடந்ததே? அப்புறம் எதை நம்புவது?

நியாயமான கேள்வி. எக்ஸ்இசட் ஒரு சுருக்கும் கருவி. ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் புராஜெக்டில் வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பாளராகி, 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு வைத்தார். இலக்கு, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச். அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்றவை எஸ்எஸ்ஹெச் சர்வரை, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் லைப்ரரியோடு இணைத்திருந்தன, அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்துவந்தது. டிபெண்டன்சிக்கு டிபெண்டன்சி வழியாக உள்ளே வந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டியதில், 2024 மார்ச் 29இல் இது வெளிவந்தது.

கையொப்பம் சொல்வது ஒன்றுதான்: ரெப்போவில் வைத்தது வழியில் மாறாமல் உங்களிடம் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது நல்லதா என்று அது சொல்லாது. அதற்குக் காலமும் பல கண்களும் வேண்டும். அந்த வெர்ஷன்கள் டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள்வரை வந்தன, ஸ்டேபிளுக்கு வரவில்லை. 7ஆவது கேள்வியில் குறையாகத் தெரிந்த அந்தப் பழமை இங்கே காப்பாற்றியது. சர்வரில் தேவையில்லாத பேக்கேஜ்களை வைத்துக்கொள்ளாதீர்கள், புதிய வெர்ஷனை வந்த அன்றே ஏற்ற வேண்டும் என்ற துடிப்பும் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றை உடனே ஏற்றுங்கள்.

18. எது எதற்கு வேண்டும் என்று கணக்கில் எல்லாம் எழுதியிருக்கும்போது, ஆப்ட் ஏன் சில சமயம் வினோதமான முடிவு எடுக்கிறது?

ஏனென்றால் அந்தக் கணக்கு உண்மையிலேயே கடினமானது. இது அல்லது அது, இந்த வெர்ஷனுக்கு மேல், இது இருந்தால் அது இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் சேரும்போது, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தேர்வைக் கண்டுபிடிப்பது என்பி முழுமையான சிக்கல் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது. எல்லாச் சூழலிலும் வேகமாக விடை தரும் வழி யாருக்கும் தெரியாது. ஆப்ட் நெடுங்காலம் அனுபவ விதிகளை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது. ஓப்பன்சூசே 2008இலேயே தர்க்கக் கணிதத்தில் வரும் சாட் தீர்வுமுறைக்கு மாறியது, டிஎன்எஃப் அதே வழியில் வந்தது, 2025இல் வந்த ஆப்ட் 3.0இலும் புதிய தீர்வி ஒன்று சேர்ந்தது.

நடைமுறையில், பல பேக்கேஜ்களை நீக்கச் சொல்லும் ஒரு தீர்வை ஆப்ட் காட்டினால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விடக்கூடாத பேக்கேஜின் பெயரையும் அதே இன்ஸ்டால் கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். வேறு தீர்வு இருந்தால் அதைத் தேடும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லும். சிமுலேட் ஆப்ஷனோடு ஓட்டினால் எதையும் தொடாமல் திட்டத்தை மட்டும் காட்டும்.

19. அப்கிரேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. எல்லாம் போச்சா?

அநேகமாக இல்லை. டிபிகேஜி முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்கும், பிறகு அமைக்கும். ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணக்கில் எழுதிக்கொண்டே போகும். கணினியைத் தொடங்கி டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையை, எல்லாவற்றுக்கும் என்ற ஆப்ஷனோடு கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு ஆப்ட் இன்ஸ்டாலை ஃபிக்ஸ் புரோக்கன் ஆப்ஷனோடு கொடுத்தால் விட்டுப்போன டிபெண்டன்சிகள் வரும்.

கணினியே தொடங்கவில்லை என்றால் துவக்கப் பட்டியலில் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் பழைய வெர்ஷன் இருக்கும், அதில் ஏறிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் யுஎஸ்பி வழியாக ஒரு லைவ் சிஸ்டத்தைத் தொடங்கி, உங்கள் வட்டை ஏற்றி, சிஹெச்ரூட் மூலம் உள்ளே போய் இதே இரண்டு கட்டளைகளைக் கொடுங்கள். நெட்வொர்க் வழியாகத் தொலைவில் இருக்கும் சர்வரை அப்கிரேட் செய்யும்போது ஸ்கிரீன் அல்லது டிமக்ஸுக்குள் இருந்து செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

20. லைப்ரரியை அப்கிரேட் செய்துவிட்டேன். ரீபூட் செய்தே ஆக வேண்டுமா?

கெர்னல் மாறினால் ஆம். லைப்ரரி மாறினால் அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும். தொடங்காதவரை வட்டில் புதியது இருந்தாலும் நினைவகத்தில் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். 4ஆவது பதிலில் சேவைகளை மறுபடி தொடங்கச் சொன்னதும் அதற்காகத்தான். எவை பழையதைப் பிடித்திருக்கின்றன என்று நீட்ரீஸ்டார்ட் கருவி பட்டியல் போடும். சி லைப்ரரியே மாறியிருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே பட்டியலில் வரும், அப்போது நேரம் குறித்து ரீபூட் செய்வதே எளிது.

21. புதிய கணினிக்கு மாறுகிறேன். இங்கே இருக்கும் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் அங்கே எப்படிக் கொண்டுபோவது?

எல்லாவற்றையும் வேண்டாம், நீங்கள் கேட்டு நிறுவியவை மட்டும் போதும். 6ஆவது பதிலில் சொன்ன அந்தக் குறிப்பு இங்கே கைகொடுக்கும். ஆப்ட் மார்க் ஷோமேனுவல் கொடுத்தால் அந்தப் பெயர்கள் வரும். ஒரு கோப்பில் சேமித்து, புதிய கணினியில் அதை ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுங்கள். டிபெண்டன்சிகளை அங்குள்ள வெளியீட்டுக்கு ஏற்ப ஆப்டே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் பட்டியலை ஒருமுறை படித்து, இனி வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள். வெளி ரெப்போக்கள், அவற்றின் கீகள், இடிசியில் நீங்கள் திருத்தியவை, யுஎஸ்ஆர் லோக்கலில் கட்டியவை, ஃப்ளாட்பேக்கில் போட்டவை இந்தப் பட்டியலில் வராது. அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.